வாலில்லாத குமிழி

ஐனோ கட்டம் போடுவான், பென்சிலில்.
மை ஏற்றி எழுத்து வைப்பது நான்.
டுலூத் நகரில் ஒரு பேக்கரியின் மாடியில்
பதினோரு வருஷம்,
வாரத்துக்கு ஆறு கறுப்பு வெள்ளை, ஞாயிறு மட்டும் வண்ணம்.

நெட்டிக்கு ஏழு வயது. பதினோரு வருஷமும் ஏழுதான்.
அவளுடைய நீர்நாய் ஹப்ஸ்
தபால்காரர் தொப்பி போட்டு
அவளைவிட ஒரு தலை உயரமாய் நிற்கும்,
மூன்றாம் கட்டம் வரை.
நாலாவதில் அம்மா கதவைத் திறப்பாள்.
அங்கே ஒரு நாற்காலி இருக்கும்,
தரையில் கொஞ்சம் ஈரம்.

அந்த ஈரத்தால்தான் எல்லா வம்பும்.
டொலீடோவிலிருந்து பள்ளி ஆலோசகர் ஒருவர்:
இந்தக் குழந்தையை உடனே யாரிடமாவது காட்டுங்கள்.
ஒரு பாதிரியார்:
அது காவல் தேவதையா, இல்லை மற்றதா?
ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர்:
குழாயில் வாஷர் போய்விட்டது, மாற்றச் சொல்லுங்கள்.
நெப்ராஸ்காவில் ஒருத்தி,
மாத்திரை ஆரம்பித்த பிறகு மகன் நன்றாகத் தூங்குகிறான்,
அவனுடைய சிநேகிதன் இப்போது வருவதில்லை,
ஆனாலும் சாப்பாட்டு மேஜையில்
இரண்டு தட்டு வைத்துவிட்டு
ஒன்றைத் திரும்ப எடுக்கிறான் என்று எழுதியிருந்தாள்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.
அதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை.

ஆசிரியர் ப்ரூடோம் மினியாபோலிஸிலிருந்து கத்தினார்:
இருக்கா, இல்லையா?
இல்லையென்றால் புள்ளிக்கோட்டில் வரையச் சொல்!
ஐனோ ஒரு வாரம் முழுக்க
நெட்டியைப் புள்ளிக்கோட்டில் வரைந்தான்.

வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு.
நீர்நாயின் தலைக்கு மேல் அவன் வரைந்து தருவது
வெறும் குமிழி.
'பெண் பேசுவது எனக்குக் கேட்கிறது, லெம்பி.
இது வாயசைப்பதுதான் தெரிகிறது.
என்ன சொல்கிறதென்று நீயே எழுது.'

நான் யோசித்து எழுதியதில்லை.
யோசித்திருந்தால் சம்பளம் அதிகம் கேட்டிருப்பேன்.
பேனாவைத் தோய்த்துக் காத்திருப்பேன்.
கீழே மாவு பிசையும் யந்திரம் நிற்கும் நேரம் பார்த்து
அது பேசும்.
சளி பிடித்த குரல்.

மார்ச்சில் ஏரியின் பனி முனகத் தொடங்கியபோது
ஐனோ வெறும் சட்டையோடு
அதன்மேல் கால் மைல் நடந்துவிட்டான்.
கேட்டதற்கு, தூரம் பார்க்கப் போனேன் என்றான்.

கிறுக்குவது வேறு, கிறுக்கு வேறு
என்று நம்பித்தான்
பதினோரு வருஷம் வாடகை கொடுத்தோம்.
ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து
இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் பார்த்தேன்.
நல்ல கை என்னுடையது. கோடு நடுங்கியது.

டாக்டர் ஸ்டிரௌட் மரியாதையானவர். கேட்டார்:
'அவருக்குக் குரல்கள் கேட்குமா?'
இல்லை டாக்டர், அவனுக்கு ஒன்றும் கேட்காது,
அதுதான் அவன் குறை.
கேட்பது எனக்கு.

அவர் பேனா நின்றது.
என்னைப் பார்த்தார்:
கோட்டுப் பொத்தான்கள் ஒழுங்காய் இருந்தன,
கையுறைகள் மடியில் ஜோடியாய்,
வரி பாக்கி இல்லாதவளின் முகம்.
பிறகு என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.
அதன்மேல் அவருடைய தொப்பி.
மெதுவாக எழுந்து வந்து
தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.
அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூனில் ஐனோ திரும்பி வந்தான்,
கன்னம் ஒட்டி, விரல்கள் மட்டும் பழையபடி.
முதல் மூன்று கட்டத்திலும் நாற்காலியை மட்டும் வரைந்தான்.
நாலாவதில் ஒரு குமிழி.
'வால் எந்தப் பக்கம்?' என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

கீழே யந்திரம் நின்றது.
எழுதினேன்:
'தொப்பி நனைந்துவிட்டது. கொஞ்சம் பொறு.'
வால் போடவில்லை.

பிளம்பர் மறுபடி கடிதம் போட்டிருக்கிறார்.
இந்த முறை வாஷரையும் உறையில் வைத்து.