உட்காரும் விசை

ரந்தாவ் கடைவரிசையில், சலவைக் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை. ஏழு பிள்ளைகள், ஐந்து மடிக்கணினி.
ஒன்றில் மேலம்பு விசை பிடுங்கிக்கொண்டு போயிற்று,
அதில் ஆடுபவர் கீழே மட்டும் போகலாம்.
ஒரு விளையாட்டுக்கு மூன்று வேண்டும் என்று
வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தேன்:
குறிக்கோள், தடை, பரிசு.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது,
போன வருடம்தான் படித்து முடித்தவன்.

லோவேந்திரன் பேய்களைச் செய்தான்.
பேய்களைச் சுட்டான். இன்னும் பேய்களைச் செய்தான்.
ருபிணி மட்டும் செம்பனைக் காட்டைச் செய்தாள்.
சதுரம் சதுரமாய் மரம்,
நடுவில் சிவப்புச் சட்டையில் ஒரு பெண்,
மழைக்கு முன்னால் உதிரிப் பழம் பொறுக்கிச்
சாக்கை நிரப்ப வேண்டும்.
பாம்பைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.
"பாம்பு கொஞ்சம் வேகமா இருக்கே?"
"பாம்பு அப்படித்தான் சார்."

ஐந்து மணிக்கு அவளை ஏற்றிப்போக அம்மா வந்தார்,
மோட்டாரைக் கீழே விட்டு, தலைக்கவசத்தோடே மாடியேறி.
ஆடிப் பார்க்கச் சொன்னோம்.
நாற்காலியை ஒதுக்கிவிட்டு
நின்றபடியே ஒற்றை விரலால் அழுத்தினார்.
இருபது வினாடியில் பாம்பு.
மறுபடி. இந்த முறை மழை.
"மழை மில்லுப் பக்கமிருந்துதானே வரும்,
நீ ஏன் கோயில் பக்கமிருந்து விடுற?"
ருபிணி நோட்டில் எழுதிக்கொண்டாள்.
மூன்றாம் முறை பாதிச் சாக்கு.
அப்போதுதான் கேட்டார்,
விசைகளை மேலும் கீழும் தேடிக்கொண்டு:
"இவ உட்காரணும்னா எதை அமுக்கணும்?"

கீழே ஒரு சலவை இயந்திரம் சுழன்று நின்றது.
நடக்க, ஓட, குனிய விசை உண்டு.
சாவதற்கு விசை தேவையில்லை.

அடுத்த சனி மழை மில்லுப் பக்கமிருந்து வந்தது.
அந்த நீள விசையை அழுத்தினால்
சிவப்புச் சட்டைக்காரி சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.
"இதுக்கு எத்தனை புள்ளி?"
"ஒன்னுமில்ல சார்."
"அப்புறம் எதுக்கு அழுத்துவாங்க?"
ஒருமாதிரி என்னைப் பார்த்தாள்.

உட்கார்ந்திருக்கையில் மட்டும்
மர ஓலைகள் அசைகின்றன.
அதற்கே மூன்று இரவு பிடித்ததாம்.
பழம் அழுகத்தான் செய்கிறது, மழையும் நிற்பதில்லை,
மற்ற ஆறு பேரும் வரிசையில் நின்று
உட்கார்ந்து உட்கார்ந்து தோற்றார்கள்.

பலகையில் நாலாவதாய் எதையோ எழுதப் போனேன்,
பேனாவில் மை இல்லை.
பின்னாலிருந்து லோவேந்திரன், தணிந்த குரலில்:
"ருபி, அந்தக் கோடிங்க எனக்கும் கொடேன்.
என் பேய்ங்க ராத்திரி முழுக்க
நின்னுக்கிட்டே இருக்கு."