இடைவெளி

புக்கிட் பாஞ்சாங் சிறுரயிலில்
அடுக்குவீடுகள் நெருங்கினால்
கண்ணாடி தானே வெளுத்துக்கொள்ளும்.
யார் கம்பத்தில் யார் சட்டை காய்கிறதென
நான் பார்க்கக் கூடாதாம்.
சரி.

கெண்ட் ரிட்ஜ், கீழ்த்தளம், இரவு பத்து.
மயிரிழையில் நூற்றிலொரு பங்கு தங்க வளையம்
தன் சுருதிக்கு வரும் சிவப்பை மட்டும்
மறித்து நிற்கிறது.
திரையில் ஒரு பள்ளம்.

அடுத்த சில்லில்
வளையத்தின் அருகே குட்டையாய் ஒரு ஜோடிக் கம்பி,
ஒளி கூப்பிட்டால் திரும்பாத ஜாதி.
நடுவே முப்பது நானோமீட்டர்.
பள்ளத்துக்குள் ஊசியாய் எழுந்தது ஒரு சிகரம்:
மறித்த அதே சிவப்பு
கடந்து போகிறது.
"தூசியாயிருக்கும்," என்றாள் பெய் ஷான்.
மூன்று முறை அளந்தோம். தூசியில்லை.

கடைசி வண்டி.
பக்கத்து இருக்கைக்காரர்
எந்த அறிவிப்புக்கும் அசையாமல் தூங்குகிறார்.
கண்ணாடி வெளுக்கிறது.
இடைவெளி கலையாதபடி
உட்கார்ந்திருக்கிறேன்.