ஓர் எழுத்து, நாற்பத்துமூன்று வரி

பிர்னோவில் பிப்ரவரி.
டிராம் வளைகிற முனையில் மூன்றாம் மாடி.
வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் இருமுகிறது.
ஸ்பிஷெக் வெள்ளைப் பலகையில்
ஐந்து மேற்கோள்குறிகளை வரிசையாக இட்டான்:
'''''
அடித்து ஒட்டிய கொசுக்கள்போல.

இரண்டு என்றால் சாய்வு.
மூன்று என்றால் தடிப்பு.
ஐந்து?
இரண்டும் மூன்றுமா, மூன்றும் இரண்டுமா,
எது முதலில் திறந்தது, எதை முதலில் மூடுவது?
"வரி முடிந்தால்தான் தெரியும்" என்றேன்.
"முடிந்த பிறகும் தெரியாது"
திரும்பாமலே சொன்னாள் ஸ்வாத்தவா.

மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தோம்.
குறியீடு யார் கண்ணிலும் படாது,
பார்ப்பதுதான் பக்கம்,
விரல் வைத்த இடத்தில் திருத்தலாம்.
இது மூன்றாவது குளிர்காலம்.

இணைப்பின் கடைசி எழுத்தை ஒட்டி
மின்னிக்கொண்டு நிற்கிறது சுட்டி.
அடுத்து விழும் எழுத்து
உள்ளேயா, வெளியேயா?
நிலைப்படியில் நிற்பவனிடம்
வீட்டில் இருக்கிறாயா என்று கேட்பதுபோல
கேட்டுக் கேட்டு ஒரு வாரம் போயிற்று.

அப்புறம் அட்டவணைகள்.
ஒரு வார்ப்புரு திறக்கிறது,
எங்கோ இன்னொரு பக்கத்தில் கிடக்கும்
வேறொரு வார்ப்புரு மூடுகிறது.
பந்தி விரித்தவர் ஒருவர்,
இலை எடுப்பவர் வேறொருவர்,
நடுவே உட்கார்ந்திருக்கின்றன
மொராவியாவின் அந்துப்பூச்சிகள் அத்தனையும்.

அந்தப் பூச்சிகளிடமிருந்துதான் வந்தது புகார்.
திரஹோமீரா, ஒலமோட்ஸ் மருத்துவமனையில் இரவு நேரச் செவிலி.
ஊசிகளுக்கும் மணிகளுக்கும் நடுவே
விடியற்காலை மூன்று மணிக்கு எழுதுபவர்.

"ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினேன்.
வல்லின இ போட வேண்டிய இடத்தில்
மெல்லின இ இருந்தது, அவ்வளவே.
நாற்பத்துமூன்று வரி மாறியதாக
வரலாறு காட்டுகிறது.
அத்தனைக்கும் கீழே
என் பெயர்."

மூலத்தைத் திறந்தேன்.
காரணம் எளிது, வெட்கமாகவும் இருந்தது.
அவர் சேமித்ததும்
பக்கம் முழுவதையும் எங்கள் நிரல்
தன் கையெழுத்தில் திரும்ப எழுதியிருந்தது.
இடைவெளிகளைச் சுருக்கி,
மேற்கோள்களை நேராக்கி,
யாரும் கேட்காத சுத்தம்.

நீக்கிய வரிகளில் நான்கு
வாசகர் காணாத உட்குறிப்புகள்.

<!-- இந்த இரண்டு இடைவெளியை எடுக்காதீர்கள், படம் சரிந்துவிடும். தி. -->
<!-- எடுக்கவில்லை. -->
<!-- நன்றி. உங்கள் அப்பா வீடு வந்தாரா? -->
<!-- வந்தார். கைத்தடியோடு நடக்கிறார். -->

ஒன்பது ஆண்டு இடைவெளி
முதல் வரிக்கும் நான்காம் வரிக்கும்.
எங்கள் நிரலின் கணக்கில்
இவை வெற்றிடம்.

ஸ்பிஷெக் வாசித்தான்.
காபிக் கோப்பையை வைக்க
மேசையில் இடம் தேடினான், வெகுநேரம்.

தொடாததைத் தொடாதே.
இதை எழுத
பதினோராயிரம் வரி தேவைப்பட்டது.
ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்ததென்று
எண்ணிட்டு நினைவில் வைத்து,
மாறிய இடத்தை மட்டும் புதிதாக எழுதி,
மற்றதை அதன் அழுக்கோடும் கோணலோடும்
அப்படியே திருப்பி வைக்க.
உட்குறிப்பு இருந்த இடத்தில்
ஒரு சின்ன வியப்புக்குறி.
அழுத்தினால் பேசும்.

ஏப்ரலில் ஓர் இரவு
திரஹோமீராவின் பக்கத்தில்
நானே சோதித்தேன்.
ஓர் எழுத்து சிவப்பில்,
ஓர் எழுத்து பச்சையில்.
வேறெதுவும் அசையவில்லை.

அவருக்கு எழுதினோம்.
பதில் இல்லை.
மறுநாள் அந்தப் பக்கத்தில்
ஐந்தாவது உட்குறிப்பு ஒன்று முளைத்திருந்தது.
அழுத்திப் பார்த்தேன்.
<!-- பார்க்கலாம். -->

ஒரு லட்சம் பக்கங்களை ஓட்டியதில்
இருநூற்றுப் பதினேழு இன்னும் உடைகின்றன.
பலகையில் அந்த ஐந்து கொசுக்களை
துப்புரவுக்கு வருபவர்கூட அழிப்பதில்லை.
ஸ்வாத்தவா பட்டியலின் முதல் பக்கத்தைத் திறக்கிறாள்:
பழைய டிராம் நிறுத்தங்களின் அட்டவணை.
2006-இல் யாரோ தொடங்கியிருக்கிறார்கள்.
கீழே போகிறாள், இன்னும் கீழே,
மூடும் குறியைத் தேடி.