கிணற்றில் ஆறில் ஒன்று

உறுதிகளை உமல் பைக்குள் வைத்துச் சுன்னாகம் போனேன்.
நொத்தாரிசு விசிறியைப் போட்டுவிட்டு
"மரணசாதனம் எழுத இப்ப என்ன அவசரம்?" என்றார்.

என்ன அவசரமா.
என்ர மனுசன்
வெங்காயம் கிண்டி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று
தள்ளித் தள்ளி,
ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளோடு போனவர்.
பிறகு ஒன்பது வருசம் மல்லாகம் கோடு.
மச்சாளுக்கும் எங்களுக்கும் நடுவில்
அரைப் பரப்பு, ஒரு பலா,
பூவரசு எவருடைய வேலிக்குள் என்ற கேள்வி.
பலா பட்டுப்போனது.
தவணை பட்டுப்போகவில்லை.

"முதுசொம் எது, தேடியதேட்டம் எது?"
சொன்னேன்.
"பிள்ளைகள்?"
மூத்தவள் ஆரபி, பிரம்டனில்.
கடைசி சேந்தன், கோண்டாவிலில் என்னோடு.
"நடுவில்?"
நிமலரூபன்.

பேனையை மேசையில் வைத்தார்.
"மரண அத்தாட்சி எடுத்தனீங்களோ?"
இல்லை.
"அப்ப அவர் பேரை எழுதினால், அம்மா,
பிறகு ஒருவரும் விற்க ஏலாது, அடகு வைக்க ஏலாது."
நியாயமான மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

சீதன வீட்டையும்
வழக்கில் மிஞ்சிய தோட்டத்தையும்
மற்ற இருவருக்கும் எழுதுவித்தேன்,
எல்லைக்கல் இலக்கத்தோடு,
பூவரசையும் சேர்த்து.

கிணற்றில் ஆறில் ஒரு பங்கும்
ஒழுங்கையால் வந்துபோகும் வழியும்
அவனுக்கு.

"இதுவும் சிக்கல்தான்."
தண்ணிச் சிக்கலைப் பிள்ளைகள் தாங்குவினம் என்றேன்.
வந்தால், முதலில்
குளிக்கத்தானே கேட்பான்.

சாட்சிக்கு வந்த தேத்தண்ணிக் கடைப் பெடியன்
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
எங்கே வைக்கிறது கையெழுத்து என்று கேட்டான்.