பதிலுக்கு நிற்காத கேள்வி

மூன்றாம் மாடித் தாழ்வாரம்
நல்ல காலுக்கு நாற்பத்திரண்டு அடி,
புது மூட்டுக்கு எழுபது.
கம்பியைப் பற்றியபடி மார்ஜரி நடக்கிறார்.
பக்கத்தில் நான் எண்ணிக்கொண்டே போகிறேன்.
லீட்ஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்.
அங்கே வரிசை நகரவே இல்லையாம்,
வலிதான் நகர்ந்ததாம், முட்டியிலிருந்து முதுகுக்கு.
பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார்.

எதிரே வாக்கரை உருட்டிக்கொண்டு டுவேன்.
ஒஹாயோ. இடது இடுப்பு.
"எப்படி இருக்கீங்க இன்னைக்கு?"
தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் குரல்.
மார்ஜரி நின்று, மூச்சு வாங்கி,
உண்மையான பதில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள்
அவர் லிஃப்டுக்கே போய்விட்டார்.
அங்கே மாப்பைப் பிழியும் தவமணியிடமும்
அதே கேள்வி, அதே பல்வரிசை.
தவமணிக்கு இங்கிலீஷ் வராது.
"சாப்டேன் சார்" என்கிறாள்.

"பார்த்தாயா," என்றார் மார்ஜரி
சுவரிடம் சொல்வதுபோல.
"கேட்கிறார்கள்.
காதைத்தான் ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்."

அட்மிட் ஆன அன்றே அவர் சொன்னாராம்:
இரண்டு விவாகரத்து, மகனின் கடன்,
நாய்க்கு நடந்த ஆபரேஷன்.
"பதினோரு வருஷம்," என்றார் மார்ஜரி,
"பக்கத்து வீட்டுக்காரரின் முதல் பெயர் எனக்குத் தெரியாது.
அவர் படுத்துவிட்ட மாதம்
அவர் குப்பைத் தொட்டியை நான்தான்
திங்கட்கிழமைதோறும் தெருவில் வைத்தேன்.
அதைப் பற்றி
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை."

நான் அவர் கட்சி. சிரித்தேன்.
டுவேன் என்னையும் ஒஹாயோவுக்கு அழைத்திருக்கிறார்,
மாடியில் தனி அறையாம், ஏரி தெரியுமாம்.
டீ கொண்டுவரும் பையனையும்,
இன்சூரன்ஸ் கவுண்டர் பெண்ணையும்.
"முகவரி கேட்டுப் பார், பயந்துவிடுவார்."
அதற்கும் சிரித்தேன்.

திருமங்கலம் மெட்ரோவில்
கூடப் படித்த பெனாசிரிடம் போன வாரம்
"ஒரு நாள் வீட்டுக்கு வாடி" என்றேன்.
நாங்கள் வீடு மாறி இரண்டு வருஷம்.
எந்த வீட்டுக்கு என்று அவளும் கேட்கவில்லை.

சரி, அது போகட்டும்.
எங்கள் வாசலில் செக்யூரிட்டி கன்னியப்பன்.
தினமும் காலை ஆறே முக்காலுக்கு,
ஐடி கார்டை மாட்டிக்கொண்டே நான்:
"சாப்டீங்களாண்ணே?"
கால் நிற்காது. அவர் கையை உயர்த்துவார்.
நாலு வருஷமாக இப்படித்தான்.
ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் கேட்டது,
"இல்லம்மா."
லிஃப்ட் மூடிக்கொண்டிருந்தது.
திறக்கும் பொத்தான் எது என்று
எனக்குத் தெரியும்.

மார்ஜரியிடம் இதைச் சொல்லவில்லை.
தவமணியிடம் சொன்னேன்.
அவள் மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு,
"அந்த வெள்ளைக்காரரு என்னா கேக்குறாருன்னே
எனக்குப் புரியாது.
ஆனா இந்த ஃப்ளோர்ல
என்னைப் பாத்து தெனம் கேக்குறது அவருதான்"
என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை டுவேன் டிஸ்சார்ஜ்.
எல்லோரையும் கட்டிப்பிடித்தார்.
"மறுபடியும் பார்ப்போம்!" என்று கூவினார்
எலும்பு வார்டு வாசலில் நின்று.
தவமணி அவசரமாக மரக்கதவைத் தொட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மார்ஜரி. டாக்ஸி வந்து நின்றது.
"கிளம்பும்போது உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?"
"போயிட்டு வரேன்."
"பதிலுக்கு?"
"போயிட்டு வாங்க.
ஆனால் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லமாட்டோம்."
"பின்னே என்ன சொல்வீர்கள்?"
யோசித்தேன்.
"ஒன்றும் சொல்லமாட்டோம்."
அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.
ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்து
புது மூட்டைத் தானே மடக்கி உட்கார்ந்தார்.
கையசைக்கவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை. ஆறே முக்கால்.
"சாப்டீங்களாண்ணே?"
கேட்டுவிட்டு நின்றேன்.
கன்னியப்பன் கையை உயர்த்தினார்.
நான் போகவில்லை.
உயர்த்திய கை பாதியில் இறங்கியது.
நாற்காலியிலிருந்து எழுந்து,
தொப்பியைச் சரிசெய்து,
"என்னம்மா," என்றார், "எதாவது பிரச்சனையா?"