நான்காம் நாள்

எங்கள் வாரத்துக்கு நான்கே நாள்:
ஏகே, ஓரியே, ஆஃபோ, ங்க்வோ.
நான்கும் சந்தைகளின் பெயர்.
ஓரியேயில் பிறந்ததால் நான் ம்போரியே.

அனேனேவுக்கு நான் ஒருத்தியாக இருந்தபோது
நான்கு நாளும் புகைந்தது என் அடுப்பு.
பிறகு ஓலம்மா வந்தாள்.
இரண்டுக்கு இரண்டு.
கணக்கு சுலபம், வயிறுதான் எரிந்தது.
அந்த மழைக்காலம் முழுக்க
அவள் சட்டிக்கு உப்பு இரவல் கொடுக்கவில்லை.
ஒருமுறை மிளகாய்...
அதை விடுங்கள்.
அவள் இரண்டாம் பிள்ளை வர மறுத்த இரவில்
என் தோளைக் கடித்தாள்.
தழும்பு இருக்கிறது.
அதன்பின் உப்பு கேட்காமலே போனது.

எங்கள் பேச்சில் சக்களத்திக்குப் பெயர்
கணவனின் மனைவி.
அவளுக்கு நானும் அதுவேதான்.

இப்போது மூன்றாமவள், அகுபாத்தா.
அவள் வீட்டு முற்றத்தில்
பெண்ணின் விலையை யாரும் வாயால் சொல்லவில்லை.
ஈர்க்குக் கட்டு ஒன்றை நீட்டினார்கள்.
எங்கள் ஆண்கள் வெளியே போய்க் கிசுகிசுத்து
சிலவற்றை உருவிக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
கூடியது. குறைந்தது. மறுபடி கூடியது.
பேரம் என்று சொல்லிவிட்டால் கோபம் வரும்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் எண்ணினேன்.
முப்பதில் நின்றது.
போன அறுவடையில் என் மகள் நுவூகோவுக்கு
எங்கள் முற்றத்தில் நின்ற அதே முப்பது.
அவளை அனுப்பி வாங்கிய சோழிகள்
பரணில் கொஞ்ச காலம் தூங்கி,
இன்று அவள் வயதுக்காரி ஒருத்திக்காக
கலகலத்து இறங்குகின்றன.
என் வயிற்றில் புறப்பட்டது
சுற்றிவந்து
என் வாசலிலேயே குடியேறப் பார்க்கிறது.

பிறகு கள்.
சுரைக்குடுவையை ஏந்திப் பெண் நடக்க வேண்டும்,
கூட்டத்தில் தன் ஆளைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.
"இங்கே வா!"
"நான்தான் அவன்!"
"என் தொண்டையைப் பார், காய்ந்த ஓடை!"
நாற்பது ஆண்கள் கைநீட்டிக் கூவ
அகுபாத்தா நடந்தாள்.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஊலி மைக் கொடிகள்,
இடுப்பில் மணிச்சரம்.
அனேனேவை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை,
அதுவும் கொட்டும் மழையில்,
தலையில் வாழையிலையோடு.

அவன் தம்பியின் முன் போய் நின்றாள்.
தயங்கினாள்.
நுரை வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.
அவள் கண் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு
என்மேல் வந்து விழுந்தது.

தவறான ஆளிடம் மண்டியிட்டால்
அந்தச் சிரிப்பு
அவள் பேரன்களின் கல்யாணத்திலும் கேட்கும்.
நான் பார்க்காதவள்போல் இருந்திருக்கலாம்.
கோலாக் கொட்டையை மென்றபடி
கூரைப் பல்லிகளை எண்ணியிருக்கலாம்.

தாடையை ஒரு விரற்கடை தூக்கினேன்.
அங்கே. தூணருகில். காது மடங்கியவன்.

மண்டியிட்டாள்.
ஒரு மிடறு தான் குடித்து
குடுவையை அவன் கையில் கொடுத்தாள்.
கைதட்டல்.
நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

திரும்பும் வழியில்தான் கணக்கு இடித்தது.
நாள் நான்கு, அடுப்பு மூன்று.
அனேனே விரல்களை மடக்கினான், நீட்டினான்.
நூறு மேடு வள்ளிக்கிழங்கைக்
கண்ணாலேயே பங்குபோடுகிறவன்
நான்கை மூன்றாக்க முடியாமல் நின்றான்.
"மூத்தவள் நீ. மிஞ்சும் நாளும் உனக்கே"
என்றான், ஆட்டுத்தொடையை நீட்டுகிறவன்போல.

"வேண்டாம். ஓரியே யாருக்கும் இல்லை.
அன்று உன் கிழங்கை நீயே சுட்டுக்கொள்."

இரண்டு வாரம் பேசவில்லை.
எங்கள் வாரம். எட்டு நாள்தான்.

இன்று ஓரியே.
சேப்பங்கிழங்கு விற்ற காசு என் முந்தியில் இருக்கிறது.
என் அடுப்புச் சாம்பலில் கோழி குளிக்கிறது.
ஓலம்மா யாருக்கோ பேன் பார்க்கிறாள்.
புதியவள் காலை அழுகை முடித்து
மாலை அழுகை தொடங்கவில்லை இன்னும்.

அவன் குடிசையிலிருந்து
கிழங்கு கருகும் வாசனை.

அகுபாத்தா பதறி எழப்போனாள்.
தாடையை அசைத்தேன்:
இரு.