பேனாக் கோடு

சோப்பு மூன்று தடவை.
அப்படியும் டீசல் வாசம் போகவில்லை என்று
மூக்கைச் சுளிக்கிறாள் அமலோற்பவம்.
நகத்தைக் காட்டச் சொல்கிறாள், காட்டுகிறேன்.
பிறகுதான் பொத்தானைக் கழற்ற விடுகிறாள்.

தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம் தள்ளி
ஒரு குழாய்.
தொண்டையில் வளர்ந்தது வழியை அடைத்த பிறகு
மதுரையில் திறந்துவிட்ட வழி.
வடிகட்டிய கஞ்சி, பின்னால் கொஞ்சம் தண்ணீர்,
நாளுக்கு ஆறு வேளை.

தடைக்காலம். படகு கரையில், நான் வீட்டில்.
தங்கச்சிமடத்து வெயில்
தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
வளையத்துக்குக் கீழே வேர்வை காயவேயில்லை.
செவ்வாய்க்கிழமை கஞ்சி கசிந்தது.
புதன்கிழமை அந்த இடம்
வெந்த நண்டு ஓட்டின் நிறம்.

பக்கத்து வீட்டு ரெஜினா மஞ்சள் அரைத்து வந்தாள்.
வாசலிலேயே வாங்கி, குழம்பில் போட்டேன்.
சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார்:
மஞ்சள் வேண்டாம், பவுடர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.
ஆறிய வெந்நீர், சுத்தத் துணி.
ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க.
கயிறு இழுத்த கைக்கு
ஒற்றத் தெரிய ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கிறது.

போட்டோ அனுப்பச் சொன்னார்.
வீட்டுக்குள் டவர் இல்லை. கரைக்கு ஓடினால்
இலங்கைக்கு நல்வரவு என்கிறது போன்.
என் பெண்டாட்டியின் வயிறு
அரைமணி நேரம் நடுக்கடலில் சுற்றிக்கொண்டிருந்தது.

பதில் வந்தது:
'சிவப்பைச் சுத்திப் பேனாவால கோடு போடுங்க.
பக்கத்துல நேரம் எழுதுங்க.
கோட்டைத் தாண்டுச்சுன்னா காத்திருக்காதீங்க.'

கோடு.
எனக்கா சொல்லித் தரணும்?
நாலு வருசத்துக்கு முன் ஒரு ராத்திரி
இறால் போன பக்கம் நாங்களும் போனோம்.
யாழ்ப்பாணச் சிறையில் நாற்பத்தோரு நாள்.
அத்தனை நாளும் என் போட்டோவைத் தூக்கிக்கொண்டு
ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றவள் இவள்.
அப்போது குரல் இருந்தது.
மாடிவரைக்கும் கேட்டதாம்.

டோக்கன் எழுதும் பேனாவை எடுத்தேன்.
கூச்சத்தில் வயிறு குலுங்கியது,
சத்தமில்லாத சிரிப்பு.
அசையாதே என்றேன். கோணல் வட்டம்.
ஓரத்தில் எழுதினேன்: 8.40.

பத்து மணிக்கு டார்ச் அடித்தேன். உள்ளே.
பன்னிரண்டுக்கும் உள்ளே.
ஒன்றரைக்குக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.
மூன்றரைக்கு, விலாப் பக்கமாக
ஓர் அரிசி அகலம்
தாண்டியிருந்தது.
நெற்றியில் கை வைத்தேன், சுட்டது.

முதல் பஸ்ஸுக்கு நிற்கவில்லை.
ஹமீது ஆட்டோவை எடுத்தான்.
பாம்பன் பாலத்துக் காற்று உள்ளே புகுந்து அடித்தது.
குழாய் இழுபடாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது,
கோடு போட்டது யாரு?
போலீஸ் கேட்டது போலிருந்தது.
நான்தான் என்றேன்.
நல்ல வேலை செய்தீங்க என்று
வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்.
மருந்தும் குழாய் வழியாகத்தான்,
பாவம், கசப்புகூடத் தெரியாது அவளுக்கு.

ஆறாம் நாள் சிவப்பு வடிந்துவிட்டது.
கோடு மட்டும் போகவில்லை.
தேய்க்கக் கூடாதே.

நாளை நள்ளிரவு தடை முடிகிறது.
ரெஜினாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்:
ஒற்று, தேய்க்காதே.
இரண்டு தடவை செய்து காட்டினாள். என்னைவிட மெதுவான கை.

டோக்கன் வாங்கக் கிளம்பினேன்.
சட்டைப்பையைத் தட்டிப் பேனா கேட்டாள்.
என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி
சுற்றிலும் ஒரு கோடு போட்டாள்.
நேரம் எழுதவில்லை.